மலைக்கோட்டையில் ஒரு வியாழக்கிழமை

பல தெருக்களின் முனையில் அந்தப் பாறை நிற்கிறது. ஒற்றைப் பாறை. மரம் அடர்ந்த மலை அல்ல. சாம்பல் நிறம், மழை வழிந்த இடங்களில் கறுப்புக் கோடுகள். உச்சியை ஒட்டி ஒரு மதில். மதிலுக்கு மேல் திண்டுக்கல்லின் வெயில்.

பேருந்து நிலையத்தில் பழநி வண்டிக்குக் காத்திருப்பவர் பாறைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பக்கத்தில் பூக்காரம்மா மல்லிகை தொடுக்கிறார். விரல்கள் ஓடுகின்றன. கண் வண்டிகளின் மேல் இருக்கிறது. ஆட்டோக்காரர் ஒருவர் மட்டும் தலையை நிமிர்த்துகிறார். பாறைக்குப் பின்னால் மேகம் உண்டா என்று பார்க்கிறார். இல்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

அடிவாரத்தில் காலை நடைக்காரர்கள் கடைசிச் சுற்றில் இருக்கிறார்கள். பாறையின் சுற்றளவு ஏறக்குறைய 2.75 கிலோமீட்டர். ஒரு பெரியவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கேன்வாஸ் செருப்பைக் கழற்றுகிறார். அவர் மனைவி நிற்காமல் தாண்டிப் போகிறார். இன்னொரு சுற்று.

கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள். மாசி என்றால் இங்கே கால் வைக்க இடம் கிடைக்காது. பூச்சொரிதல், தீச்சட்டி, பூக்குழி, ஈரச் சேலைகள், வேப்பிலை வாசம். இது மாசி அல்ல. அர்ச்சகர் செய்தித்தாள் படிக்கிறார்.

சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே பணம் கட்டும் கட்டம் போட்ட அட்டை ஒட்டியிருக்கிறது. ஓர் இளைஞன் கைப்பேசியை அதன்மேல் பிடிக்கிறான். சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாலடி விலகிப் போய்க் கையை உயர்த்துகிறான். கூட வந்த பெண் கைப்பையைத் திறந்து சில்லறையை எடுத்து நீட்டுகிறாள்.

இந்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை. வெள்ளை எழுத்து. நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பலகையின் கால் ஒன்றில் ஆணியால் கீறிய ஓர் இதயம். அதற்குள் இரண்டு எழுத்துகள். அதில் ஒன்றை யாரோ பிறகு சுரண்டி அழித்திருக்கிறார்கள்.

ஏழாம் வகுப்பு வந்து சேர்கிறது. நகரத்துப் பள்ளிதான், வேன் இல்லை, நடந்தே வந்திருக்கிறார்கள். டீச்சர் விரலை நீட்டித் தலைகளை எண்ணுகிறார். 38. திரும்ப எண்ணுகிறார். 38.

"இதுக்கு முன்னாடி மேல ஏறாதவங்க யாரு? கையத் தூக்குங்க."

பாதிக்கு மேல் கைகள். எல்லாரும் இந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர்கள்.

படிகள் பாறையிலேயே வெட்டியவை. வெளியிலிருந்து கல் கொண்டுவந்து அடுக்கவில்லை. சில இடங்களில் படி அகலம். ஒரு காலை வைத்து, மறுகாலையும் வைத்து, பிறகுதான் அடுத்ததற்குப் போகமுடியும். சில இடங்களில் படி தேய்ந்து சரிவு மட்டும் இருக்கிறது. அங்கே கைகள் தானாகப் பாறையைத் தொடுகின்றன.

600 படி என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளைகள் எண்ணத் தொடங்குகிறார்கள். முதலில் சத்தமாக. பிறகு உதட்டுக்குள். 143-க்கும் 150-க்கும் இடையில் இரண்டு பெண்பிள்ளைகளுக்குள் சண்டை. அதோடு எண்ணிக்கை நிற்கிறது.

ஒரு குடும்பம் பின்னால் வருகிறது. அப்பா, அம்மா, தோளில் கைக்குழந்தை, அப்பத்தா. முதல் திருப்பத்தில் அப்பத்தா உட்கார்கிறார்.

"நீங்க போங்கப்பா. நான் இங்கனயே இருக்கேன்."

அவர்கள் போகிறார்கள். அப்பத்தா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறார். மேலே பார்க்கிறார். கீழே பார்க்கிறார். எழுந்து ஏறுகிறார். இரண்டாவது திருப்பத்தில் மறுபடி உட்கார்கிறார். மறுபடி அதையே சொல்கிறார். மகன் இந்த முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னாலேயே வந்துவிடுவார் என்று தெரியும்.

படிக்குப் பக்கத்தில், பாறையின் விளிம்பில், வரிசையாகச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் நாலு விரல் அகலம். ஒரே இடைவெளி. ஒரே ஆழம். உளியால் தோண்டி, ஆப்பு இறக்கி, பாறையைப் பிளந்த தடம். வரிசையின் பாதி வரை கல் பெயர்ந்து போயிருக்கிறது. பெயர்ந்த கல் மேலே எந்த மதிலிலோ இருக்கிறது. மிச்சப் பாதியில் குழிகள் மட்டும் காத்திருக்கின்றன. அன்றைக்கு வேலை நின்ற காரணம் தெரியவில்லை. பொழுது சாய்ந்திருக்கலாம். கூலி வராமல் போயிருக்கலாம்.

ஒரு பையன் முதல் குழியில் விரலை விடுகிறான். அடுத்ததில் விடுகிறான். வரிசை முடியும் வரை விட்டுப் பார்க்கிறான். வகுப்பு அவனைத் தாண்டிப் போய்விடுகிறது. ஓடிப் போய்ச் சேர்கிறான்.

மதிலின் கீழ்ப்பகுதி பெரிய கருங்கல். மேலே போகப் போகக் கல் சிறுக்கிறது. அதற்கும் மேலே செங்கல். செங்கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை. ஒரே மதிலில் மூன்று கைகள், மூன்று காலங்கள். சேரும் இடங்களில் கோடு தெரிகிறது.

டீச்சர் மதில் நிழலில் நின்று சொல்கிறார். பிள்ளைகள் நோட்டை முழங்காலில் வைத்து எழுதுகிறார்கள்.

"1605. மதுரை நாயக்கர், முத்துகிருஷ்ணப்ப நாயக்கர். கோட்டை கட்டப்பட்டது. எழுதியாச்சா? அடுத்தது திருமலை நாயக்கர். பலப்படுத்தினார். 1742. மைசூர்ப் படை. 1755. ஹைதர் அலி, திண்டுக்கல் பௌஜ்தார்."

"பௌஜ்தார்னா என்ன டீச்சர்?"

"படையோட வந்து ஊரை ஆளறவர். எழுது. 1767, ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1768, ஹைதர் மீட்டார். 1783, ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1784, திருப்பிக் கொடுத்தனர். 1790, மறுபடி கைப்பற்றினர். 1792, திப்பு விட்டுக்கொடுத்தார்."

காற்று பக்கத்தைப் புரட்டுகிறது. பென்சில்களால் அமுக்குகிறார்கள். ஒரு பெண்பிள்ளை 'கைப்பற்றினர்' என்று மூன்றாவது முறை எழுதாமல் மேலே எழுதிய சொல்லுக்குக் கீழே இரண்டு புள்ளி போடுகிறாள்.

வாசல். கதவு இல்லை. நிலைக்கல்லின் அடியில் வட்டமாக ஒரு குழி. கதவின் குடுமி நின்று சுழன்ற குழி. உள்ளே வழவழப்பு. காய்ந்த இலை ஒன்று கிடக்கிறது.

வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் அங்கே குந்துகிறார். வலது கையின் கட்டைவிரல் நகம் கறுத்துப்போய் இருக்கிறது. ஆள்காட்டி விரலின் நுனி சப்பை. இலையை எடுத்துப் போடுகிறார். மூன்று விரல்களைக் குழிக்குள் இறக்கி இடமும் வலமும் சுழற்றுகிறார். எழுந்து எதிர்ப்பக்கம் போகிறார். சுவரில் கதவுக்குக் குறுக்குக்கட்டை போட விட்ட துளையைத் தேடுகிறார். இருக்கிறது. முழங்கை வரை உள்ளே விடுகிறார்.

"பூட்டு வேலைங்களா?" என்று காவலர் கேட்கிறார்.

"நாப்பது வருஷம். இப்ப பட்டறை இல்ல."

கீழே, ஊருக்குள், இன்னும் சில பட்டறைகளில் அரம் உராய்கிறது. ஒரு பூட்டின் நெம்புகள் அத்தனையும் கையால் ராவியவை. ஒன்றின் சாவி இன்னொன்றில் நுழையாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குள் பல பட்டறைகளில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். இயந்திரத்தில் வார்த்த பூட்டு பாதி விலைக்குக் கடைக்கு வந்திருந்தது.

அவர் துளையிலிருந்து கையை எடுத்து மண்ணைத் தட்டுகிறார். "உள்பக்கமா போடற கட்டை. வெளிய இருந்து ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார். காவலர் தலையசைக்கிறார்.

மதில் ஓரத்தில் பீரங்கி வாய்கள். உள்ளே அகலம், வெளியே குறுகல். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு துண்டு நிலம் தெரிகிறது. ஒன்றில் தென்னந்தோப்பு. அடுத்ததில் நாலுவழிச்சாலை, லாரிகள். அடுத்ததில் தென்கிழக்கே சிறுமலை, நீலமாக. இன்னொன்றில், மேற்கே, வெகுதூரத்தில் பழநி மலைத்தொடர். கொடைக்கானல் அந்த மங்கலுக்குள் இருக்கிறது.

இந்த இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு வழி. கொங்கு நாட்டிலிருந்து மதுரைக்குப் படை வந்தால் இந்த வழியாகத்தான் வரவேண்டும். அரிசி வண்டியும் அப்படியே. வழியின் நடுவில் இந்தப் பாறை. கோட்டைக்கான காரணம் அவ்வளவுதான். ஒரு பீரங்கி வாயில் நின்று பார்த்தால் நிலமே அதைச் சொல்லிவிடுகிறது.

ஹைதர் இங்கே வந்தபோது மைசூர்ப் படையின் தளபதி மட்டுமே. மைசூரை ஆளவில்லை, ஆள்வார் என்று யாரும் நினைக்கவும் இல்லை. சுற்றியிருந்த பாளையக்காரர்களை அடக்கி வரி வாங்க அனுப்பினார்கள். அவர் பிரெஞ்சுக் கைவினைஞர்களை வரவழைத்தார். திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை அமைத்தார். பீரங்கி வார்ப்பதையும் வெடிமருந்து சேர்ப்பதையும் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டது அவர் படை. ஐந்தாறு வருடத்தில் மைசூரே அவர் கையில்.

மைசூர் வரலாறு எழுதிய மார்க் வில்க்ஸ் இந்தக் காலத்துக் காட்சி ஒன்றைச் சொல்கிறார். பாளையக்காரர்களோடு சண்டை முடிகிறது. காயம்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுக்க அரண்மனையிலிருந்து அதிகாரி வருகிறார். வரிசையாகச் சிப்பாய்கள் கிடக்கிறார்கள். கையில் கட்டு, காலில் கட்டு, தலையில் கட்டு. எல்லாத் துணியிலும் மஞ்சள். அதிகாரி நடந்துகொண்டே எண்ணுகிறார். 700. உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். மற்றவர்கள் அசையாமல் கிடக்கிறார்கள். தொகை கைமாறுகிறது. மஞ்சள் துணிகள் அவிழ்கின்றன.

வெடிமருந்து அறைக்குள் வெயில் வராது. தடித்த சுவர். செங்கல் வளைவுக் கூரை. காற்று வர மட்டும் துளைகள். வெளியில் கல் சுடுகிறது. உள்ளே காலுக்குக் குளிர். ஏழாம் வகுப்பு உள்ளே நுழைந்ததும் ஒருவன் கத்திப் பார்க்கிறான். குரல் கூரையில் தட்டித் திரும்புகிறது. பிறகு 38 பேரும் கத்துகிறார்கள். மூலையிலிருந்து ஒரு வௌவால் கிளம்பி வெளியே போகிறது. இன்னொரு மூலையில் உட்கார்ந்திருந்த ஜோடி எழுந்து போகிறது. அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொள்கிறாள்.

சுவர் முழுக்கப் பெயர்கள். கரியால், சாவியால், வெள்ளைப் பெயிண்டால். கைக்கு எட்டும் உயரம் வரை இடம் இல்லை. அதற்கு மேலே எழுதியவன் யாரோ ஒருவனின் தோளில் ஏறி நின்றிருக்கவேண்டும். ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர். அதன் மேல் இன்னொன்று. 1605-ல் பூசிய காரையோ பிறகு பூசியதோ, கீறலில் பொடியாக உதிர்ந்து தரையில் கிடக்கிறது. இது ஆறாத காயம். உதிர்ந்ததை மறுபடி ஒட்டமுடியாது.

காவலர் ஒரு மூலைச் சுவரைக் காட்டுகிறார். "இது மட்டும் மெல்லிசு. ஆபத்துன்னா உடைச்சிட்டுத் தப்பிக்க." வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிற கதை. பிள்ளைகள் தட்டிப் பார்க்கிறார்கள். காதை வைத்துக் கேட்கிறார்கள். பக்கத்துச் சுவரையும் தட்டி ஒப்பிடுகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி.

உச்சிப் பாறையில் பள்ளங்கள். இயற்கையாகச் சில, விளிம்பைச் செதுக்கி ஆழப்படுத்தியவை சில. பாறையின் மேல்முகத்தில் மெல்லிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். ஒரு சொட்டும் வெளியே போகாமல் சரிவு பள்ளத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. பெய்த மழையைப் பிடித்துவைப்பது தவிர உச்சியில் தண்ணீருக்கு வேறு வழி இல்லை. மதிலைவிட இதைத்தான் கோட்டை என்று சொல்லவேண்டும். பீரங்கி இல்லாமல் சில நாள் சமாளிக்கலாம். நூற்றுக்கணக்கான ஆட்கள், குதிரைகள், சமையல், காயம் கழுவுதல் எல்லாம் இந்தப் பள்ளங்களை நம்பி இருந்தன.

இன்று ஒரு பள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். பச்சை. மேலே ஒரு பிஸ்கட் உறை மிதக்கிறது. தட்டான் ஒன்று அதன்மேல் உட்கார்ந்து எழுகிறது. இன்னொரு பள்ளம் காய்ந்து, அடி மண் வெடித்துக் கிடக்கிறது.

குடும்பத்து அம்மா இரண்டு லிட்டர் பாட்டிலைத் திறக்கிறார். முதலில் குழந்தைக்கு. மூடியில் ஊற்றி, உதட்டை நனைத்து. பிறகு அப்பத்தாவுக்கு. அப்பத்தா அண்ணாந்து, வாய் படாமல், இரண்டு மடக்கு. போதும் என்று கையைக் காட்டுகிறார். பிறகு கணவருக்கு. அவர் முகத்தில் தெளிக்கப் போகிறார். அம்மா பாட்டிலைப் பிடுங்கிக்கொள்கிறார்.

"முகம் கீழ போய்க் கழுவிக்கலாம்."

கீழே, வீட்டு வாசல்களில், பிளாஸ்டிக் குடங்கள் வரிசை நிற்கின்றன. ஊதா, மஞ்சள், பச்சை. ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து வரும் தண்ணீர் ஊருக்குப் போதாத வருடங்களை இந்த ஊர் நிறையப் பார்த்திருக்கிறது. இங்கே பெண்கள் மழையைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள்.

கோயில். கற்தூண்கள், மண்டபம், கருவறை. தூண்களில் சிற்பங்கள், சிலவற்றின் முகம் தேய்ந்திருக்கிறது. கருவறைக்குள் இருட்டு. கண் பழகியதும் காலி இடம் தெரிகிறது. சிலை இல்லை. பீடம் இருந்த இடத்தில் சமதரை.

சாமி கீழே ஊருக்குள் இருக்கிறார். காளஹஸ்தீஸ்வரர், ஞானாம்பிகை, பத்மகிரீஸ்வரர், அபிராமி அம்மன். ஊர் அதை அபிராமி கோயில் என்றுதான் சொல்கிறது. கோட்டையில் படையும் சண்டையுமாக இருந்த காலத்தில் மேலிருந்து இறங்கிய சாமி. பத்மகிரி இந்தக் குன்றின் பழைய பெயர். பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இங்குள்ள சிவனுக்குத் தென்றலைத் தூது அனுப்பி ஒரு நூல் பாடியிருக்கிறார். உச்சியில் நிற்பவருக்குப் புலவர் ஏன் அன்னத்தையோ கிளியையோ விட்டுத் தென்றலைத் தேர்ந்தார் என்று கேட்கத் தோன்றாது. வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அப்பத்தா வந்துவிடுகிறார். கடைசியாகத்தான், ஆனால் வந்துவிடுகிறார். தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். செருப்பை வெளியில் விடுகிறார்.

"அம்மா, உள்ள சாமி இல்லம்மா" என்கிறார் மகன்.

அப்பத்தா பதில் சொல்லவில்லை. கருவறை நிலைப்படியை வலது கையால் தொடுகிறார். அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு திருநீற்றுப் பொட்டலம் எடுக்கிறார். நிலைக்கல்லில் மூன்று விரலால் ஒரு கோடு. அங்கே ஏற்கெனவே நிறைய விரல்களின் கோடுகள் இருக்கின்றன. மீதியை மகன் நெற்றியில் பூசுகிறார். மருமகள் நெற்றியில், குழந்தை நெற்றியில், கடைசியாகத் தன் நெற்றியில்.

மருமகள் ஒரு கணம் நிற்கிறாள். பிறகு அவளும் நிலைப்படியைத் தொடுகிறாள்.

உச்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். மூச்சு அடங்கும் வரை நிற்கிறார்கள். ஊரைப் பார்க்கிறார்கள். பிறகு வலது கை உயர்கிறது. ஆள்காட்டி விரல் நீள்கிறது.

"அதோ ஸ்டேஷன். அங்கருந்து இடதுபக்கமா வா. தண்ணி டேங்க் தெரியுதா? அதுக்குப் பின்னாடி பச்சை பெயிண்ட் வீடு. அதுக்கு அடுத்தது நம்ம வீடு."

"எங்க?"

"என் விரலோட நேரா பாரு."

மற்றவர் குனிந்து, விரலோடு கன்னத்தைச் சேர்த்து, ஒரு கண்ணை மூடுகிறார். மதில் நெடுகிலும் இப்படி. பீரங்கி வாய்களிலும் இப்படி. வயதானவர், புதுமணத் தம்பதி, கல்லூரிப் பையன்கள், பூட்டுக்காரர். சீலப்பாடியைச் சேர்ந்தவரும் சரி, நாகல்நகரைச் சேர்ந்தவரும் சரி. வீடு கிடைத்ததும் முகம் மாறுகிறது. உடனே கைப்பேசியை எடுக்கிறார்கள். படத்தில் வீடு ஒரு புள்ளிகூட இல்லை. இருந்தாலும் எடுக்கிறார்கள்.

விரல்கள் வேறு சிலவற்றையும் தாண்டிப் போகின்றன. பேகம்பூர்ப் பள்ளிவாசல். ஹைதரின் தங்கை அமீருன்னிசா பேகம் அங்கே அடங்கியிருக்கிறார். அந்தப் பகுதிக்கே அவரால் வந்த பெயர். அதைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். இன்னொரு திசையில் சூசையப்பர் தேவாலயம். ரயில் பாதை மதுரைப் பக்கமாக வளைகிறது.

கோபாலசமுத்திரக் குளம் வெயிலில் பளபளக்கிறது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கர் இந்த வட்டாரத்துப் பாளையங்களைச் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனியை எதிர்த்தார். 1801-ல் திண்டுக்கல்லில், இந்தக் குளத்தின் பக்கத்தில், அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு இருபது, முப்பது வருடம் முன்னால், 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்த வேலு நாச்சியாருக்கு இடம் கொடுத்தவரும் அவர்தான். மேற்கே, பழநிச் சாலையில், விருப்பாச்சி. உச்சியிலிருந்து பார்த்தால் புழுதியும் வெளிச்சமும்தான் தெரிகின்றன. நாச்சியார் எட்டு வருடம் அந்தப் பக்கத்தில் காத்திருந்தார். ஹைதரின் உதவியோடு 1780-ல் சிவகங்கையைத் திரும்ப எடுத்தார். டீச்சர் இதைச் சொல்லும்போது மட்டும் பெண்பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறார்கள்.

"இது பரீட்சைக்கு வருமா டீச்சர்?"

"வந்தாலும் வராட்டியும் தெரிஞ்சுக்க."

வெயில் உச்சிக்கு வருகிறது. மதில் நிழல் சுருங்கி மதிலுக்கு அடியிலேயே போய்விடுகிறது. கூட்டம் குறைகிறது. பருந்து ஒன்று சிறகை அசைக்காமல் பாறையின் ஓரமாக, கண் மட்டத்தில், சுற்றுகிறது. காவலர் மண்டபத்தில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறார். மோர்சாதம், மாவடு. சாப்பிட்டுக்கொண்டே விளிம்பில் நிற்கும் பையன்களைப் பார்க்கிறார். வாயில் சோறு. ஊதலை எடுக்க முடியவில்லை. இடது கையால் தரையைத் தட்டுகிறார். அவர்கள் பின்வாங்குகிறார்கள்.

பூட்டுக்காரர் பீரங்கி மேடையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறார். கீழே எதையோ பார்க்கிறார். பட்டறை இருந்த தெருவாக இருக்கலாம்.

குழிக்குள் விரல் விட்ட பையன் மதிலோரம் நடக்கிறான். ஒரு பீரங்கி வாயில் தலையை நுழைக்கிறான். எடுக்கிறான். அடுத்ததில் நுழைக்கிறான். அவன் கூட்டாளிகள் நாலு பேருக்கும் வீடு கிடைத்துவிட்டது. ஒருவனுக்கு மாடியில் காயும் போர்வைகூடத் தெரிந்ததாம்.

"உனக்கு எங்கடா?"

"அடிவாரம். மலைக்குக் கீழயே."

"அப்ப உங்க வீடுதான்டா இருக்கறதுலயே பக்கம்."

அவன் மதிலில் வயிற்றை வைத்துக் குனிகிறான். பாறை கீழே வளைந்து இறங்குகிறது. அது முடியும் இடத்தில் தெருக்கள் தொடங்குகின்றன. ஆனால் அவன் தெரு இல்லை. இரண்டாவது தெருவிலிருந்துதான் தெரிகிறது. ஊதல் சத்தம். சட்டையைப் பிடித்து இழுக்கிறார் காவலர்.

"என்ன தம்பி தேடற?"

"எங்க வீடு சார். எல்லார் வீடும் தெரியுது."

"எந்தப் பக்கம்?"

பையன் கையைக் காட்டுகிறான். காவலர் எட்டிப் பார்க்கிறார்.

"பாறை வயிறு மறைக்குது. இங்கருந்து தெரியாது. இறங்கும்போது சொல்றேன், வா."

டீச்சர் தலைகளை எண்ணுகிறார். 37. மறுபடி எண்ணுகிறார். காவலருக்குப் பின்னால் பையன் வருகிறான். 38. வரிசை இறங்குகிறது. ஏறும்போது பேசாதவர்கள் எல்லாரும் இப்போது பேசுகிறார்கள். முழங்கால்கள் நடுங்குகின்றன. சரிவான இடத்தில் சிலர் உட்கார்ந்தே நகர்கிறார்கள். அப்பத்தா எங்கும் உட்காரவில்லை. மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, எல்லாருக்கும் முன்னால் போகிறார்.

பாதி வழியில், இரண்டாவது திருப்பத்துக்குக் கொஞ்சம் மேலே, காவலர் நிற்கிறார். கம்பி வேலியை ஒட்டி ஒரு பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது. பையனின் தோளைப் பிடித்து அங்கே நிறுத்துகிறார். சட்டைக் காலரை விடவில்லை.

"இப்பப் பாரு."

ஓட்டு வீடுகள். தகரக் கூரைகள். நாலைந்து மொட்டை மாடிகள். ஒரு மாடியில் கொடி கட்டியிருக்கிறது. ஒரு பெண் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா!"

காற்று குரலை வேறு பக்கம் கொண்டுபோகிறது. அவள் நிமிரவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து உதறி இடது தோளில் போடுகிறாள்.

"அந்த நீல லுங்கி அப்பாவோடது. சிவப்புத் துண்டு தாத்தாவோடது. எடுத்துட்டாங்க. இப்ப என் டவுசர்."

கூட்டாளிகள் முண்டியடிக்கிறார்கள். வீடு கிடைத்தவர்கள்கூட வந்து பார்க்கிறார்கள். இங்கே துணியின் நிறம் வரை தெரிகிறது. மேலே அவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை.

"எங்கம்மா சார்" என்கிறான் காவலரிடம்.

"கூப்பிடு, கூப்பிடு. ரெண்டு கையையும் வாய்ல வெச்சுக் கூப்பிடு."

பத்துப் பேர் சேர்ந்து கூப்பிடுகிறார்கள். அவள் நின்று தெருவை எட்டிப் பார்க்கிறாள். பிறகு பக்கத்து மாடியைப் பார்க்கிறாள். பாறையைப் பார்க்கவில்லை. கடைசித் துணியையும் உருவிக்கொண்டு படியிறங்கிவிடுகிறாள்.

"போயிட்டாங்க" என்கிறான் பையன்.

டீச்சர் கீழேயிருந்து கத்துகிறார். "அங்க என்னடா கூட்டம்? இறங்குங்க. மணி மூணாகப் போகுது."

"டீச்சர், இவங்க அம்மா!"

"வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு? நேராப் போய்ப் பாக்கச் சொல்லு. வரிசையா வாங்க."